ஹாஜியார் வீட்டு வாசலில் ஒரு வாய்க்கால்

2025 ஜூலை 6, ஞாயிறு

இன்று அதிகாலை சாய்ந்தமருதுக் கடற்கரையில் சூரியனை நானே நின்று மேலே ஏற்றிவிட்டேன். நான் போகாவிட்டால் அது உதித்திருக்குமா என்பது சந்தேகம். தோணி, வலை, காகம் எல்லாம் என் கமராவுக்குள் வரிசையாக வந்து நின்றன. உலகம் இதுவரை எடுத்த படங்களை எல்லாம் வெட்கப்பட வைக்கும் படம்.

பஸ்மிலாவிடம் காட்டினேன். என் தங்கச்சியின் மகள், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். அடுத்த மாதம் கல்முனையில் அவளும் சினேகிதிகளும் புகைப்படக் கண்காட்சி வைக்கிறார்கள். ஒரு சுவர் இன்னும் காலியாக இருக்கிறது.

"நல்ல படம் மாமா. இதே படத்த இந்தக் கிழமை மூணு பேர் அனுப்பியிருக்காங்க. காகமும் அதே காகம் போலதான் இரிக்கி."

"அப்ப எனக்குச் சுவர் இல்லையா?"

"பேரப் பாக்காமலே இது எங்கட மாமா எடுத்த எண்டு தெரியோணும். அப்பிடித் தாங்க, சுவர் ஒங்களுக்கு. இல்லாட்டி எங்களோட படிப்பிக்கிற இஹ்ஸான்ட ட்ரோன் படத்த மாட்டுவம்."

ட்ரோன். ஆகாயத்தில் ரீங்காரமிடும் நுளம்பு. அதனிடம் நான் தோற்பதா?

எனக்கு அந்தச் சுவர் வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால் வெட்டி ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊரில் எனக்குப் 'பென்ஷன் காக்கா' என்று பெயர். (எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன், பறவை இல்லை.) முடிந்துபோன ஆளைக் கூப்பிடுவது போலவே இருக்கும்.

ஜூலை 9, புதன்

கறுப்பு வெள்ளைதான் கலை என்று முடிவு செய்தேன். றஹீமா செய்த இனிப்பு வட்டிலப்பத்தைப் படம் எடுத்தேன். புருஷன் என்ற இரக்கமே இல்லாமல் சொன்னாள்: "அடிப்பிடிச்ச சட்டிய என்னத்துக்குப் படம் எடுத்திருக்கீங்க?"

ஜூலை 12, சனி

அறுகம்பே. கச்சான் காற்று என்னைத் தூக்கிப் பொத்துவிலில் போட்டிருக்கும், வயிறுதான் பாரமாகப் பிடித்துக்கொண்டது. அலையில் சறுக்கிய வெள்ளைக்காரர் ஒருவரிடம், கொஞ்சம் நேராக நின்று வரும்படி கையால் காட்டினேன். அந்த மனிதரும் மரியாதைக்கு நேராக நின்றார். அடுத்த கணம் பலகை ஒரு திசை, அவர் ஒரு திசை.

பஸ்மிலாவின் தீர்ப்பு: "கலண்டர்."

ஜூலை 13, ஞாயிறு

றஹீமாவை ஒரு படம் எடுக்கக் கேட்டேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்கிறேன். "என்ட மூஞ்சிய விட்டா ஒங்களுக்கு வேற உலகம் இல்லையா?" இல்லைதான். கமராவை மூடி வைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

யா அல்லாஹ், இன்றைக்கு நான் செய்ததை எழுதத்தான் வேண்டுமா?

சீனிமுகம்மது ஹாஜியாரின் கடைசி மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளையும் வந்தாயிற்று, நிக்காஹ்வும் முடிந்தது. ஆண்கள் எல்லாரும் உள்ளே பாயில், சஹனைச் சுற்றி ஆறு ஆறு பேராக. ஒரே தட்டில் சாப்பிடுகிற ஆறு பேரும் ஒன்றாகத்தான் எழும்ப வேண்டும். நான் வெளியே படம் தேடும் ஆசையில், வயிற்றைப் பிடித்துப் பொய்யாக முனகியபடி எழும்பி வந்தேன். நான் விட்ட இறைச்சியை மற்ற ஐந்து பேரும் பார்த்த பார்வையில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வாசலில் ஊரின் செருப்பெல்லாம் கிடந்தது. குவியல் குவியலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கவிழ்ந்து. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை காலம் வாய்க்கால் வெட்டிய கை, கோணலைப் பார்த்தால் சும்மா இருக்குமா? குந்தியிருந்து அடுக்கினேன். கறுப்பு ஒரு பக்கம், கபிலம் ஒரு பக்கம், பெரியதிலிருந்து சிறியதுக்கு. வாசற்படியிலிருந்து வீதிக் கேற் வரை, தண்ணீர் விட்டால் கேற்றுக்கு வெளியே போய்த்தான் நிற்கும் என்ற அளவுக்கு நேர்க்கோடு. படம் எடுத்தேன். கண் கலங்கியது, அவ்வளவு அழகு.

பிறகு சாப்பாடு முடிந்தது.

செருப்பைக் கழற்றும்போது ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள் — தென்னைக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால். இப்போது தென்னைக்குப் பக்கத்தில் தென்னை மட்டும்தான் இருந்தது. ஒருவர் காலால் துழாவ, அவரை இன்னொருவர் தள்ள, "இது என்ட", "இல்ல காக்கா, இது என்ட" என்று பெரிய பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒற்றைக் காலில். என்ன செய்வதென்று தெரியாமல் கமராவை வயிற்றில் வைத்துப் பொத்தானை அமத்திக்கொண்டே நின்றேன். குற்றவாளியின் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்தானே.

ஹாஜியார் ஒரு காலில் கறுப்பும் மறுகாலில் கபிலமுமாகச் சம்பந்தி வீட்டாரை வழியனுப்பினார். மாப்பிள்ளையின் புதுச் செருப்பைக் காணவே இல்லை. குளியலறைச் செருப்பில் நின்றான். ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

"லெவ்வை, ஊரெல்லாம் வாய்க்கால் வெட்டினது காணாதா? என்ட வாசலிலயும் வெட்டிட்டியா?"

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. அதற்கும் என் வயிறு இடைஞ்சல் போலும்.

ஜூலை 19, சனி

அடுக்கிய படத்தைப் பஸ்மிலா பார்த்தாள். "செருப்புக்கடை விளம்பரம்." தொடர்ந்து தட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். நான் வயிற்றில் வைத்து அமத்திய படங்கள். முழங்காலுக்கு மேலே ஒன்றும் விழவில்லை. வெள்ளைச் சாரங்களின் கீழ்க்கரை, தேடுகிற கால்கள், நடுவில் பாதி உடைந்த என் நேர்க்கோடு.

பிளேன்டியோடு வந்த றஹீமா எட்டிப் பார்த்தாள். "இது ஹாஜியார். பெருவிரல் எப்பவும் வானத்தப் பாக்கும். இது மீன்கார றசாக். இந்தா, ஒங்கட தம்பி, ஒரு காலத் தூக்கினா மற்றக் கால் யோசிக்கும்."

"மாமி, ஒரு முகமும் இல்ல."

"முகம் என்னத்துக்கு? அதான் ஆக்கள் எல்லாரும் இரிக்காங்களே."

பஸ்மிலா என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க நேராக்கிட்டீங்க. ஊரு வந்து கலைச்சிட்டுது. கலையிற இடத்திலதான் படம் இரிக்கி. இத வேற ஆரும் எடுக்க ஏலா. வேற ஆருக்கும் இந்த விசர்ப் பைத்தியம் இல்ல."

இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குத் தரவில்லை. (எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு ஒன்றும் தரவில்லை.)

ஜூலை 25, வெள்ளி

இப்போது எனக்கு ஒரு முறை இருக்கிறது: நேராக்கு, ஒதுங்கி நில், காத்திரு. தேநீர்க்கடைக் கதிரைகளை வரிசையாக்கினேன். கிழவர்கள் வந்து, அவரவர் சண்டைக்கு ஏற்றபடி இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மருதமுனையில் நெசவுகாரப் பெண்கள் காயப்போட்ட நூலைக் கேட்டுத்தான் தொட்டேன், நிறம் பார்த்து மாற்றிக் கட்டினேன். "காக்காக்கு வீட்டில வேல இல்ல போல" என்று சிரித்துக்கொண்டே பழையபடி மாற்றினார்கள். நூலுக்கு நடுவில் அந்தக் கைகள் — அடடா.

எதையும் நான் பிடித்து நிறுத்தவில்லை. எல்லாம் என்னிடமிருந்து தப்பி ஓடுகிறது. ஓடட்டும். இவ்வளவு காலம் இது தெரியாமல் எப்படி இருந்தேன்?

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இடி. ஹாஜியார் ஆள் விட்டிருக்கிறார்: தன் கால் சுவரில் தொங்கக்கூடாது. நடுப்படமே அதுதான். அதை எடுத்தால் மற்றவை வெறும் கதிரையும் நூலும் என்கிறாள் பஸ்மிலா. அவர் சம்மதம் இல்லாமல் மாட்டவும் மாட்டாளாம். சரியான கதைதான்.

பெரிதாக அச்சடித்த படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் என் செருப்பைக் கோணலாகவே கழற்றிவிட்டேன்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார். படத்தின் ஓரத்தில் ஒரு கை. குனிந்து, கறுப்புச் செருப்பு ஒன்றை அவருடைய காலடியில் வைக்கிறது. மணிக்கட்டில் புது மணிக்கூடு.

"இந்த மணிக்கூடு நான் மருமகனுக்குக் குடுத்தது."

"ஓம் ஹாஜியார்."

"தன்ட செருப்பக் காணாம நிண்டவன், என்டதத் தேடித் தந்திருக்கான். நான் பாக்கல்லியே லெவ்வை. ஒன்னை ஏசிக்கொண்டெல்லோ நிண்டன்."

உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்ச வாங்க. மருமகன் கதைக்கவே மாட்டான், ஒரு மாதிரி எண்டு சொன்னீங்களே, வந்து பாருங்க."

நான் தொண்டையைச் செருமினேன். "அப்ப படத்த மாட்டவா?"

"இது சின்னனாக் கிடக்கு. இன்னும் பெரிசாப் போடு."

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கல்முனை, கண்காட்சி. இலங்கை முழுவதும் திரண்டு வந்தது என்று எழுதினால் கொஞ்சம்தான் மிகை. என் சுவரின் முன்னால் பெண்கள் கூட்டம். விரலை நீட்டி நீட்டி அவரவர் புருஷன்மாரைக் கண்டுபிடித்தார்கள். சீனிமுகம்மது ஹாஜியார் பின்னேரம் வரை நடுப்படத்துக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர் எல்லாருக்கும் அந்தக் கையை மட்டும் காட்டினார். தன் காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மருமகன் வெட்கத்தில், கடைசி மூலையில் இடம் கிடைத்திருந்த ட்ரோன் படங்களுக்குள் ஒளிந்திருந்தான்.

வெளியே ஒரு குரல் கேட்டது: "செருப்புக்கார காக்கா எங்க?"

நான்தான். அது நான்தான்.

ஓகஸ்ட் 11, திங்கள்

பின்னேரம் கடைக்குப் போய் வந்தேன். வாசலில் றஹீமாவின் செருப்பு ஒன்று கவிழ்ந்து, மற்றது என் பழைய செருப்பின் மேல் ஏறிக் கிடந்தது. பழக்கத்தில் குனிந்தேன்.

"விடுங்க," என்றாள். கதவுக்குள் நின்றாள். "நேராக்க வேணாம். போய்க் கமராவ எடுத்திட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு வந்தபோது படியில் இறங்கி, செருப்புகளுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள்.