மயில்கழுத்து நிறத்தில் ஒரு மீட்டர்

நடைவண்டி-3, இயக்கக் குறிப்பு. எனக்குப் பின் இந்த இருக்கைக்கு வருபவருக்கு.

நாள் 211, சனி, காலை 11.05

இன்று சொல்லாதது: மேட்சிங் சென்டர் ஹபீப் பாய் இறந்துவிட்டார்.

வண்டி 10.20க்குப் பெரிய கடை வீதிக்குள் நுழைந்தது. மின்கலம் 81%. வலது பின்சக்கரம் இழுக்கிறது. காற்றில் கிருமி அளவு சிவப்பு. தெருவில் யாரும் இல்லை. கடை ஷட்டரில் முத்திரைத் தாள்: ‘உரிமையாளர் மரணம், நாள் 203.’ பார்ப்பவர் திரையில் எழுத்து தெளிவதற்குள் அவருக்குப் போகும் படத்தை அணைத்தேன்.

4சி வீட்டு ஜெசிந்தா ஆன்ட்டி பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருப்பில் ஒவ்வொருவருக்கும் வாரம் நாற்பது நிமிடம்; அவர்கள் சொல்லும் இடத்துக்கு என் அறையிலிருந்தே வண்டியை ஓட்டிக் காட்டுவேன். ஆன்ட்டி எப்போதும் கேட்பது அந்தக் கடையைத்தான். ஊரடங்கில் தளர்வு வந்ததும் முதல் நாள் கட்ட மயில்கழுத்து நிறப் புடவை வைத்திருக்கிறார். பொருத்தமான ரவிக்கைத் துணி இல்லை.

“என்னம்மா அரசி, இருட்டிருச்சு?”

“சிக்னல் போயிருச்சு ஆன்ட்டி.”

“உன் வண்டி ஆமைன்னு தெரியும். குருட்டு ஆமையா? நானா இருந்தா இந்நேரம் நாலு கடை ஏறி இறங்கியிருப்பேன்.”

நாள் 214, செவ்வாய், மதியம் 2.30

4சி வாசலில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் மூன்று நாளாக எடுக்கப்படவில்லை. அவருக்கு வயது அறுபத்தொன்று. தனியாக இருக்கிறார். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. அழைத்தேன்.

“பசிக்கலம்மா. எங்கயாவது போயிட்டு வந்தாத்தானே பசிக்கும்?”

எனக்கும் அப்படித்தான். பாதி வழியில் குடை ஞாபகம் வந்து திரும்புவது. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நிற்பது. இதற்கெல்லாம் ஏங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நாள் 215, புதன், மதியம் 12.30

தவறு செய்தேன். பதிவாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நாள் 38இல் கடைகளை இரண்டு மணி நேரம் திறக்க விட்டார்கள். அன்றைய பதிவு என்னிடம் இருக்கிறது. 4சியின் முறை சனிக்கிழமைதான்; இருந்தும் அதை நேரலை என்று இன்று அனுப்பினேன்.

“கூட்டமா இருக்கே! திறந்துட்டாங்களா?”

“கொஞ்ச நேரம் மட்டும் ஆன்ட்டி.”

“பாய் இளைச்சுட்டாரே. வீட்டுல சோறு போடலையா? பாய், மயில்கழுத்து இருக்கா?”

படத்தில் பாய் நேராகப் பார்த்தார். நாள் 38இல் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னது:

“இப்ப இல்லம்மா. சனிக்கிழமை வாங்க, வந்துரும்.”

ஆன்ட்டி சிரித்த சத்தம் இந்த அறை முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு ஒரு பொட்டலம் உள்ளே போனது. சனிக்கிழமைக்கு வேறு பதிவு தேட வேண்டும்.

நாள் 218, சனி

10.20. 4சி அழைப்பை எடுக்கவில்லை.

10.26. வீதிமுனை. மின்கலம் 44%. முன்னால் ஒரு ஆள். கையில் மஞ்சள் பை. எங்கள் கதவுகள் பூட்டப்பட்டவை அல்ல. யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

10.27. ஒலிபெருக்கியில் கத்தினேன்.

“ஆன்ட்டி, வீட்டுக்குப் போங்க!”

“அட, ஆமை வந்திருச்சா. பாய் சனிக்கிழமை வரச் சொன்னாருல்ல? கலரை ஸ்கிரீன்ல பார்த்து எடுக்க முடியுமா? வெயில்ல வச்சுப் பார்க்கணும்மா.”

துணி முகமூடிதான். வடிகட்டி இல்லை.

10.29. சக்கரம் பூட்டிக்கொண்டது. இருபது அடி தூரத்தில் ஷட்டரைத் தட்டுகிறார். பாய், பாய் என்கிறார்.

10.31. கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“இருநூத்தி மூணு.” பிறகு வண்டியின் கண்ணை நேராகப் பார்த்து: “அப்ப புதன்கிழமை நான் யார்கிட்டம்மா பேசினேன்?”

ஒலிபெருக்கி பச்சையில் இருந்தது. வேலை செய்தது. நான் அழுத்தவில்லை.

10.34. பையிலிருந்து புடவையை எடுத்தார். முந்தானையை வெயிலில் விரித்துப் பார்த்தார். நிறம் என் திரையில் வெறும் நீலமாகத் தெரிந்தது. மடித்து உள்ளே வைத்தார். வண்டியைத் தாண்டிப் போனார். மெதுவாக. வண்டியைத் திருப்ப முடியவில்லை. வண்டியின் கண் ஷட்டரையே

11.02. 4சி கதவு மூடிய ஒலி, கட்டடப் பதிவில்.

நாள் 221, செவ்வாய்

4சி எடுக்கவில்லை. ஏழாவது தடவை. எட்டாவது தடவை எடுத்தார். இருமல். நான் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“தெரியும் பாப்பா. வை.”

வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்

நாள் 226, ஞாயிறு, காலை 7.15

4சி, ஜெசிந்தா மேரி, நேற்று மாலை 4.40க்கு இறந்தார். நாள் 218இல் அவர் வெளியே இருந்தது ஐம்பத்திரண்டு நிமிடம்.