நாறிய சீஸும் நான் பார்த்த வேலையும்

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

இன்று சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், மகள் செல்வராணி, மருமகன், பேத்தி ஆரணி. விடுமுறைக்கு வந்திருக்கும் இந்தப் பிரான்சுக் கிராமத்தில் சாப்பாட்டுக்கடை ஒன்றே ஒன்றுதான்.

கடைசியில் கடைக்காரம்மா பலகையில் சீஸ் கொண்டுவந்து வைத்தாள். ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பால் சாக்கை அவிழ்த்த மாதிரி நாற்றம். மருமகனே மூக்கைப் பொத்தினார். நான் இரண்டு துண்டு தின்றேன். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே ஆரணியிடம் ஏதோ கேட்டாள்.

"எப்படி முகம் சுளிக்காம சாப்பிட்டீங்கன்னு கேக்குறாங்க, அம்மாச்சி."

"இலங்கைல தெரணியகலைத் தோட்டத்துல முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டுனவ நான். ஒட்டுப்பால் இதைவிட நாறும்னு சொல்லு."

பிள்ளை வாய் திறப்பதற்குள் செல்வராணி முந்திக்கொண்டு பிரெஞ்சில் பேசினாள். கடைக்காரம்மா மரியாதையாகத் தலையாட்டினாள்.

"ஒங்கம்மா என்னடி சொன்னா?"

"நீங்க டீச்சரா இருந்தீங்களாம்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த ஒட்டுப்பால் நாற்றம்தான் செல்வராணிக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்கிக்கொடுத்துக் கேகாலை டவுனுக்குப் படிக்க அனுப்பியது. பத்து வயதில் பள்ளிக்கூட வாசலில் என்னைத் தெரியாதவள் மாதிரி நின்றாள். சின்னப்பிள்ளை என்று அன்றைக்கு விட்டேன்.

"நான் ரப்பர் பால் வெட்டியவள்" என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று அறைக்கு வந்ததும் ஆரணியிடம் கேட்டு, இந்தக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டேன். பத்துத் தடவை சொல்லியும் பார்த்தாயிற்று. செல்வராணி கதவடியில் நின்று, "போதும்மா, விடும்மா" என்றாள். நாளைக்கும் அங்கேதான் சாப்பாடு. நானே சொல்வேன்.

கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. மருமகன் வாயே திறக்கவில்லை, அதுவும் போகட்டும். நான் மன்னிக்க மாட்டாதது ஒருத்தியைத்தான். செல்வராணியை.