மம்பாவ் பாலத்துக் காரை

மம்பாவ் தோட்டம்
1943, ஆவணி

என் அன்பு மாமாவுக்கு நீலாவதி எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளைகளும் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறோம். ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன சயாமில் உங்களுக்குக் காய்ச்சல் என்று லாரி ஓட்டும் ஜஹாங்கீர் அண்ணன் போன முறை வந்து சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் ஊர் திரும்ப ஒரு வழி பிறந்திருக்கிறது. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

வெள்ளைக்காரன் ஓடும்போது வெடிவைத்துவிட்டுப் போன நம் ஓடைப் பாலம் உங்களுக்குத் தெரியும். நாங்கள் போட்ட பலகைகளை ஒவ்வொரு மழையும் அடித்துக்கொண்டு போனது. வண்டிகள் குன்றைச் சுற்றிக்கொண்டு சிரம்பான் போய்ச் சேர்வதற்குள் மரவள்ளிக்கிழங்கு பாதி அழுகிவிடும். திரும்பி வரும்போது வண்டியில் உப்புக்கூட இருக்காது. பாலம் கட்டலாமென்றால் சிமெண்டு கண்ணில் காணக் கிடைக்கவில்லை.

சுண்ணாம்புக் காரை செய்து பார்ப்போம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கமும் நானும் இறங்கினோம். சிரிக்காதீர்கள். என் அப்பா கொத்து வேலைக்குப் போன காலத்தில் அவருக்குக் காரை குழைத்தவள் நான்தான். கடற்கரையிலிருந்து சிப்பி கொண்டுவந்து சுட்டு நீற்றினோம். இடிந்த லயத்து வீடுகளின் செங்கலை இடித்துச் சலித்தோம். ஒன்றில் செங்கல் தூள் கூட, ஒன்றில் குறைய என்று பல கட்டிகள் வார்த்தோம். சுவருக்கு வெள்ளையடித்தால் காயவிடுவதுபோல அவற்றை நல்ல வெயிலில் போட்டேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. பலம் பார்க்க வண்டிச் சக்கரத்தை ஏற்றியதும் எல்லாம் மாவாக உதிர்ந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோணலாக வந்ததென்று நான் ரப்பர் மரத்தடியில் ஒதுக்கிப்போட்ட கட்டி மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா அதை முனியாண்டிக்கு நட்ட கல் என்று நினைத்துவிட்டாள்! மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஈரத் துணியும் சுற்றி வைத்திருந்தாள். அதையும் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனோம். "சாமி மேல வண்டி ஏத்துற கை வெளங்குமா?" என்று ஒரே சண்டை. கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் ஏற்றினோம். வண்டிதான் குலுங்கியது, கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது சாமி செய்த வேலையா, தண்ணீர் செய்த வேலையா என்று கிராணிக்கும் எனக்கும் வாக்குவாதம். அதனால் மறுபடி ஒரே கலவையில் வார்த்து, பாதியை வெயிலில் விட்டோம், பாதியை ஈரச் சாக்கு போர்த்தி வைத்தோம். சாக்குக்கு அடியில் இருந்தவை எல்லாம் கல்லாகிவிட்டன. செல்லம்மா அக்கா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது பாலம் நிற்கிறது மாமா! பெண்கள் நாங்கள்தான் செங்கல் வளைவு கட்டிக் காரை போட்டோம். போன மழைக்கு ஓடை கரை புரண்டபோதும் அசையவில்லை. பக்கத்துத் தோட்டத்து வண்டிகளும் இப்போது இந்த வழியாகத்தான் போகின்றன. கிழங்கு அழுகாமல் போவதால் சிரம்பான் பாசார் சந்தையில் விலை இறங்கியிருக்கிறதாம். நமக்கு உப்பும் கருவாடும் வருகின்றன. நாலு கட்டியை உடைத்துப் பார்த்ததில் இத்தனை பேர் வயிறு நிறைகிறது. பாரம் ஏற்றிய வண்டி பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் நின்று பார்க்கிறேன். அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். பாலத்தைப் பார்க்க வந்த ஜப்பான் அதிகாரி, செண்டாயான் பாதையிலும் இதேபோல் கட்ட வேண்டும், இந்தக் காரையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். கிராணி என் பக்கம் கையை நீட்ட வந்தார். நான் முந்திக்கொண்டு உங்கள் பெயரைச் சொன்னேன். தாலி கட்டிய நாளிலிருந்து என் வாயில் வராத பெயரை அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொன்னேன். சொல்லிக் கொடுத்தவர் சயாமில் இருக்கிறார், எங்களுக்குத் தெரிந்தது அரைகுறை, அவர் வந்தால்தான் பெரிய பாலம் நிற்கும் என்றேன். கிராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அப்படியே அதிகாரியிடம் சொன்னார். உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி அங்கே எழுதிவிட்டார்களாம். அனுப்புவதற்கு முன்னால் உங்களை விசாரிப்பார்களாம்.

மாட்டையும் வண்டியையும் தவிர வேறெதையும் தொடாத மனிதர் நீங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சிப்பிச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த செங்கல் தூள் இரண்டு பங்கு. ஈரம் காயவே கூடாது. வெயிலில் போட்டுக் கெடுத்ததையும் நீங்கள் செய்ததாகவே சொல்லுங்கள், அப்போதுதான் நம்புவார்கள். செல்லம்மா அக்காவின் சாமியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள், உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு இந்தக் கடிதத்தைத் தீயில் போட்டுவிடுங்கள்.

அது என் பாலம், மாமா. என் கையால் கட்டியது. அதை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன். மாரியாத்தா உங்களுக்குத் துணையிருப்பாள். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
நீலாவதி