மடிக்காத போர்வைக்கும் உன் பெயர்தான்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு என் வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டவனே, அன்பு மாப்பிள்ளை தங்கராசு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. "அண்ணே, பேப்பருல அவரு படம் போட்டு ரெண்டு வரி போடணும், நீயே எழுதிக் குடுத்துடு" என்றாள் சரோஜா. இரண்டு வரிதானே என்று உட்கார்ந்தேன். கண்ணீர், கவலை, நீங்காத நினைவு என்று எல்லோரும் போடுவதைப் போட எனக்குக் கை வரவில்லை. உன்னிடம் நேராகவே பேசிவிடலாம் என்று எழுதுகிறேன். ஊர் படிக்கட்டும். எங்கள் பட்டாளத்துக் கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, அது ஒரு வசதி. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று எல்லோரும் அழுதார்கள். நானும்தான் அழுதேன். ஆனால் பஃபலோ ரோட்டில் நம் வீட்டு வாசலில் சீருடையோடு வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது. சீனர்கள், மலாய்க்காரர்கள், நம் ஆட்கள், முகாமில் சோறு வடித்த கிழவர் உட்பட வந்திருந்தார்கள். நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது. சாவு வீட்டில் செத்தவனைப் பார்த்தே பொறாமைப்பட்ட ஆள் இந்தச் சிங்கப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உனக்கு இது புதிதில்லை. இருவரும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம், வாடா போடா என்று திரிந்தோம். நீ சரோஜாவைக் கட்டியதும், "மாப்பிள்ளைய நீ வான்னு கூப்பிடாதடா, வாங்கன்னு சொல்லு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு வாயில் வரவில்லை. அதற்குப் பிறகு மீன்குழம்பில் நடுத்துண்டு உனக்குப் போனது. எனக்கு வால். பெற்ற பிள்ளைக்கு வால்! நீ அந்தத் துண்டைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைப்பாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தால் உன்னை நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

சரி, ஐம்பத்தேழாம் வருஷத்துக்கு வருகிறேன். அதை இன்றைக்காவது நேர் செய்தாக வேண்டும்.

அந்த மே மாதம் ஊரே இருமிக்கொண்டிருந்தது. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் பாதிக்கு மேல் பலகை போட்டு அடைத்திருந்தார்கள். முகாமுக்குள்ளும் காய்ச்சல் வந்துவிட்டது. நீ மருத்துவப் பிரிவில் உதவியாள், நான் டிரில் சொல்லிக்கொடுக்கும் கார்ப்பரல். பாரக்கில் கட்டில்கள் நெருக்கமாக வரிசையாகக் கிடந்தன. எல்லாத் தலைகளும் சுவர்ப் பக்கம். ஒருவன் தும்மினால் அடுத்தவன் முகத்தில்தான் தெறிக்கும். ஒருநாள் சாயங்காலம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, "எப்படித்தான் இத நிறுத்துறது மச்சான்?" என்று தலையைப் பிடித்துக்கொண்டாய்.

அப்போது யார் சொன்னது? நான் சொன்னேன். "நாம பஃபலோ ரோட்டு ரூம்புல எப்படிப் படுத்தோம்? ஒருத்தன் தலைமாட்டுல அடுத்தவன் கால்மாடு. அது மாதிரி கட்டிலுல மாத்திப் படுக்கச் சொல்லேன்." இதுதான் நான் சொன்ன சொல். நீ பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனாய். மறுநாள் டாக்டரிடம் சொல்லிவிட்டாய். பழைய பட்டாளங்களிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாக டாக்டர் சொன்னாராம். இருந்துவிட்டுப் போகட்டும். நம் முகாமில் அதை முதலில் சொன்ன வாய் எது?

ஆனால் பெயர் என்ன வந்தது தெரியுமா? 'தங்கராசு கட்டில்.' டாக்டர் சொன்னார், சார்ஜன்ட் சொன்னார், பிறகு எல்லோரும் சொன்னார்கள். நீ ஒவ்வொருவரிடமும், "இது எங்க மச்சான் ஐடியாங்க" என்று சொல்லிப் பார்த்தாய், எனக்குத் தெரியும். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான்.

ஏன் ஒட்டியது என்று எனக்குத் தெரியாமலில்லை. தினமும் நீ கட்டில் கட்டிலாகப் போவாய். தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன் உள்ளங்கையை நெற்றியில் வைப்பாய். "வெந்நி குடிச்சியா?" என்று கேட்பாய். நான் காய்ச்சலில் விழுந்தபோது என்னையும் கேட்டாய். அந்தக் காய்ச்சலிலும் எனக்கு வந்த கோபம் என்ன தெரியுமா? பக்கத்துக் கட்டில்காரனைக் கேட்ட அதே குரலில் என்னையும் கேட்டாய். நான் உன் மச்சான் இல்லையா? எனக்கென்று கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கக் கூடாதா?

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். பட்டாளம் இப்போது வெள்ளைக்காரனுடையது இல்லை, நம்முடையது. கட்டாயப் பயிற்சி என்று சட்டம் போட்டுப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். உட்லண்ட்ஸ் போகிற வழியில் எங்கள் முகாம். நான் சார்ஜன்ட், ஒரு பாரக் நிறையப் பையன்கள் என் பொறுப்பில். இந்த வருஷம் ஹாங்காங்கிலிருந்து மறுபடியும் ஒரு காய்ச்சல் கிளம்பி வந்திருக்கிறது. சைனாடவுனிலிருந்து மார்சிலிங் கம்பத்துக் குடிசைகள் வரை வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கிறார்கள். முகாமில் முதல் வேலையாகக் கட்டில்களைத் திருப்பிப் போட்டோம். உத்தரவு எப்படி வந்தது தெரியுமா? "தங்கராசு முறைப்படி." எனக்குக் காதில் புகை வராத குறைதான்.

கட்டிலைத் திருப்பியும் காய்ச்சல் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று டாக்டருக்கும் புரியவில்லை, கேப்டனுக்கும் புரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்ல வருகிறவர்களே குறைவு. ஆனால் டிரில் நேரத்தில் பையன்கள் வெயிலில் சாய்கிறார்கள்.

அப்படிச் சாய்ந்தவர்களில் ஒருவன் சந்திரன். செம்பவாங் பக்கத்துப் பையன், நல்ல உயரம், சத்தமாகச் சிரிப்பவன். துப்பாக்கியோடு முகம் குப்புற விழுந்தான். தூக்கினால் உடம்பு அடுப்பு. "எத்தனை நாளாடா காய்ச்சல்?" என்றேன். "ஒண்ணும் இல்ல சார்ஜன், வெயிலு லா" என்றான், உதடு வெடித்துக் கிடக்க. நெஞ்சில் சளி இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பானா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மற்றப் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். ஏனடா சொல்லவில்லை? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் வாயைத் திறந்தான். "சிக் ரிப்போர்ட் போடணும்னா எல்லாருக்கும் முன்னாடி எந்திரிக்கணும் சார்ஜன். யூனிஃபார்ம் அயர்ன் பண்ணணும், பூட்ஸ் பாலிஷ் போடணும், பையில சாமான அடுக்கணும், கார்டுரூம் முன்னாடி நிக்கணும். டாக்டரு ஒண்ணும் இல்லைன்னுட்டா சார்ஜ் போட்டுத் தண்டனை. அவ்வளவு செய்ய முடிஞ்சா நான் எதுக்கு சிக்?"

உனக்குத் தெரியும், நாமும் அப்படித்தான் நின்றோம். ஏமாற்றுகிறவனை வடிகட்ட வைத்த வழக்கம் அது. அது நிஜ நோயாளியைத்தான் வடிகட்டுகிறது. எழுந்து நிற்க முடிகிறவன் டாக்டரைப் பார்க்கிறான், முடியாதவன் மறைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரனுக்கும் கொடுக்கிறான். எதிரியைச் சுடக் கற்றுக்கொடுக்கும் நாங்கள், 'எனக்கு முடியவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லையே என்று அன்று எனக்கு மனம் கேட்கவில்லை.

அன்றைக்கு என் தலையில் உதித்தது இது. காலையில் போர்வையைச் செங்கல் மாதிரி மூலை பிசகாமல் மடித்து வைப்பதுதான் பட்டாளத்தின் முதல் பாடம். மடிக்காவிட்டால் தண்டனை. அதையே அடையாளமாக்கினால் என்ன? காய்ச்சல் உள்ளவன் போர்வையை மடிக்காமல் படுத்திருக்கட்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம், பூட்ஸைத் தொட வேண்டாம். டாக்டர் அவன் கட்டிலுக்கு வரட்டும். சுத்தமாக என் யோசனை, மாப்பிள்ளை. நீ செத்த பிறகு எனக்கு வந்த முதல் நல்ல யோசனை.

கேப்டனிடம் போனேன். பயிற்சி முடிப்பு அணிவகுப்பு நெருங்குகிறது, அமைச்சர் வருகிறார், கேப்டனுக்குத் தூக்கமே இல்லை. இளைஞர், கெட்டவர் இல்லை, பயந்தவர். "மடிக்காத போர்வையா? என் பாரக்கிலா? நாளைக்கு எல்லாப் போர்வையும் மடியாமல் கிடக்கும், சார்ஜன்ட்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இது யார் யோசனை?"

நான் வாயைத் திறந்தேன். 'என்னுடையது சார்' என்று சொல்லத்தான் திறந்தேன். எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி அது! ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். சார்ஜன்ட் வேலாயுதம் சொன்னால் அந்த யோசனை குப்பைக் கூடைக்குப் போகும் என்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சந்திரன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறான். பாரக்கில் இன்னும் எத்தனை பேர் மறைத்துக்கொண்டு நிற்கிறார்களோ?

"ஐம்பத்தேழில் தங்கராசு இப்படித்தான் செய்தான், சார். டாக்டரைக் கேளுங்கள்" என்றேன்.

பொய். பச்சைப் பொய். கேப்டன் டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். ஐம்பத்தேழில் இருந்த அதே நம் டாக்டர்தான், இப்போது தலை நரைத்துவிட்டது. தங்கராசு அப்படிச் செய்தானா என்று கேப்டன் கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்றார்.

நடக்காத ஒன்று அவருக்கு எப்படி நினைவிருந்தது? என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, அல்லது நல்லது எது நடந்திருந்தாலும் அதை நீதான் செய்திருப்பாய் என்று நிஜமாகவே நம்பினாரா? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. முதலாவது என்றால் நன்றி சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால் நான் தாங்கமாட்டேன்.

கேப்டன் சரி என்றதும் பையன்களிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பாரக்கில் பாதிக் கட்டில்களில் போர்வை மடியாமல் கிடந்தது. கேப்டன் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்தார். ஓரிருவரைத் தவிர எல்லோருக்கும் நிஜக் காய்ச்சல். அவர்களைத் தனிப் பாரக்குக்கு மாற்றினோம், கஞ்சியும் வெந்நீரும் கட்டிலுக்கே போயிற்று. அணிவகுப்பைத் தள்ளிவைத்தார்கள். கேப்டனே மேலிடத்தில் பேசித் தள்ளிவைத்தார், அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரட்டும். அதற்குப் பிறகு வெயிலில் ஒருவனும் விழவில்லை. சந்திரனும் இளைத்துப் போய்த் திரும்பி வந்தான்.

இனிதான் கொடுமை. பையன்கள் அதற்கு ஒரு பேச்சே உண்டாக்கிவிட்டார்கள். உடம்பு முடியாதவன், "இன்னைக்கு நான் தங்கராசு" என்கிறான். சீனப் பையன்கள், "சார்ஜன், டுடே ஐ தங்காராஜூ" என்கிறார்கள். உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள்! நான் தினமும் அவர்கள் முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறேன், என் பெயரை வைத்து ஒரு சொல் உண்டா?

சரோஜாவிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். முழுதும் சொன்னேன், என் யோசனை என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு இருந்திருந்தாலும் இதத்தாண்ணே செஞ்சிருப்பாரு" என்றாள். அம்மா உள்ளேயிருந்து, "மாப்பிள்ளைக்கு எப்பவுமே நல்ல புத்தி" என்றாள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். மீன்குழம்புதான். இப்போதெல்லாம் நடுத்துண்டு எனக்குத்தான் வருகிறது, ஆனால் பாதியைப் பிய்த்து வைக்க எதிரில் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. போன வாரம் காலையில் கண் விழித்தால் எலும்பெல்லாம் வலி, கண்ணைத் திறக்க முடியவில்லை. இத்தனை வருஷப் பட்டாளத்தில் நான் ஒருநாள்கூட வாயைத் திறந்து 'முடியவில்லை' என்று சொன்னவனில்லை, ஐம்பத்தேழிலும் நீதான் கண்டுபிடித்தாய். பாரக் கோடியில் என் அறை. போர்வையை மடிக்கக் கையை நீட்டினேன். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

ரிப்போர்ட் சொல்ல வந்த சந்திரன் வாசலில் நின்று பார்த்தான். மடியாத போர்வையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உள்ளே வந்து, கேட்காமல் கொள்ளாமல், உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தான். சார்ஜன்ட் நெற்றியில் கை வைக்க ஒரு ரெக்ரூட்டுக்கு எவ்வளவு தைரியம்! யார் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?

"சார்ஜன், இன்னைக்கு நீங்க தங்கராசா?" என்றான்.

"ஆமாண்டா" என்றேன். "இன்னைக்கு நான்தான் தங்கராசு."

அவன் வெந்நீர் கொண்டுவரப் போனான். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், மாப்பிள்ளை. உன் சாவு வீட்டில் பாதியில் நின்றுபோன அழுகை அது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்து வரும் பையன்களுக்குப் போர்வையை மடிக்கச் சொல்லிக்கொடுக்கும் அன்றே, எப்போது மடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுப்பேன். காய்ச்சல் போன பிறகும் இந்த வழக்கத்தை எடுக்க விடமாட்டேன். யார் யோசனை என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். ஆனால் கட்டிலைத் திருப்பிப் போட்டது நான் சொன்னது. அதை மட்டும் மேலே வந்தாலும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அங்கே எனக்கும் ஒரு கட்டில் போட்டு வை, உன் கால்மாட்டில் என் தலை இருக்கட்டும்.

இன்னும் பொறாமை தீராத,
உன் மச்சான்
வேலாயுதம்