மூன்றாவது புகைப்படம்

ஆல்டர்பி,
ஏப்ரல் 11

அன்புத் தம்பி நெவிலுக்கு,

நலம்தானே? போன வருடம் உனக்குக் கொடுத்த காரின் பதிவு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது போல. நகராட்சி எனக்கு அபராத நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. மார்ச் 6, அப்பாவை அடக்கம் செய்த அன்று, காலை 11.20, இங்கே தேவாலயத் தெருவில், வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின்மேல் நிறுத்தியிருந்ததாம். அப்பாவின் அடக்கத்துக்கே வராதவனுடைய கார் அங்கே எப்படி வரும்? எண்ணைத் தவறாகக் குறித்திருப்பார்கள். "அன்று அந்தக் கார் லீட்ஸில் என் தம்பியிடம் இருந்தது" என்று கையெழுத்திட்டு ஆட்சேபணை அனுப்பிவிட்டேன்.

ஒரு வரி எழுதக்கூடாதா?

அக்கா ஹெஸ்டர்


மே 5

நெவில்,

ஆட்சேபணையை நிராகரித்து, ஆதாரமாக மூன்று புகைப்படங்கள் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டில் கார். மூன்றாவதில் நீ. கறுப்பு டை கட்டி, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி. உறையைப் பிரித்தவள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வந்தாயா? வந்தும் இறங்கவில்லையா? "பெத்த அப்பனுக்கு ஒரு பிடி மண்ணு போட வரலியே" என்று ஊரெல்லாம் உன்னைத் திட்டினேனே!

இருபத்தெட்டு நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். மறுபடியும் பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததைச் சொல்.

ஹெஸ்டர்


லீட்ஸ்,
மே 9

அன்புள்ள அக்கா,

வந்தேன். பதினோரு வருடம் பேசாத அப்பாவின் சவப்பெட்டியைக் கண்டதும் காரைவிட்டு இறங்க முடியவில்லை. வண்டி நிறுத்தத்தைக் கண்காணிக்கும் நகராட்சி வார்டன் கார்க் கண்ணாடியைத் தட்டி, "வண்டிய எடுங்க சார்" என்றார். "அதோ எங்கப்பாவத் தூக்கிட்டு வர்றாங்க. அவர் போற வரைக்கும் பொறுங்க" என்றேன். "படம் எடுத்தாச்சு சார், இனி என் கையில இல்ல" என்று அபராதச் சீட்டைக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

பெட்டிக்குப் பின்னால் வந்த நீ நேராக என்னைப் பார்த்தாய். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் வேண்டாம் என்கிறாய் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

மேல்முறையீட்டில் உண்மையையே எழுது. நானும் வந்து சொல்கிறேன். படத்தைப் பார், அங்கே மஞ்சள் கோடு பாதிக்குமேல் அழிந்து கிடக்கிறது.

நெவில்


ஆல்டர்பி,
ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு அபராதம் செல்லாதாம்.

விசாரணையில் அந்த நடுவர் அம்மாள், "முன்னாடி ஏன் வேற மாதிரி எழுதுனீங்க?" என்று என்னைக் கேட்டபோது நீ எழுந்து, "அக்காவுக்குத் தெரியாதுங்க, நான்தான் மறைச்சிட்டேன்" என்றாய். பிறகு தேநீர் குடித்தோம். அடக்கத்தன்று ஏன் முகத்தைத் திருப்பினேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று நான் உன்னைப் பார்க்கவே இல்லை, நெவில். அழுதழுது எதிரே இருப்பது சுவரா மனிதனா என்றுகூடத் தெரியவில்லை. பார்த்திருந்தால் பெட்டியை நடுத்தெருவில் நிறுத்தச் சொல்லி, உன் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வா. காரை என் வாசலில் விட்டுவிட்டுக் கல்லறைக்கு நடந்தே போகலாம்.

உன் அக்கா