மதலேனாளின் ஐந்து நிறங்கள்

ராயப்பன்பட்டி
5 ஆகஸ்ட் 2024

சமீனா,

'அன்புள்ள' என்று எழுத வரவில்லை. விட்டுவிட்டேன். போனில் கூப்பிட்டிருக்கலாம்தான். கூப்பிட்டால் நீ "சாப்ட்டியாடி?" என்று ஆரம்பிப்பாய், அந்த ஒரு கேள்வியில் என் கோபம் பாதி வடிந்துவிடும். இந்தக் கோபம் வடிவதை நான் விரும்பவில்லை.

தம்பி அருண் ஜோசப்புக்குச் செப்டம்பர் பதினொன்றாம் தேதி கல்யாணம். பெண் அனிதா மேரி, கெங்குவார்பட்டி. கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் புடவையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நூலகத்தில் லீவு கிடைக்காததால் நான் போகவில்லை. சித்தி ஞானபாக்கியம் அனிதாவைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போய் எடுத்து வந்தார். நேற்றுப் பூசை முடிந்ததும் கட்டிலில் விரித்துக் காட்டினார்.

"மொதல்ல நானும் இந்த நீலத்துக்கும் ரோசுக்கும் ஆகாதேன்னுதான் நெனச்சேன். அந்தப் புள்ள தோள்ல எடுத்துப் போட்டுச்சு பாரு, கடையே திரும்பிப் பாத்துச்சு. இதுல ஆடித் தள்ளுபடி வேற!"

எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். நான் தொடவில்லை. உடல் முழுக்க மயில்துத்த நீலம். கரையில் மங்கிய ரோஸ். முந்தியில் சாம்பல் பூத்த பன்னீர் திராட்சை. நடுவே நின்று எரிந்த மெழுகின் பழுப்பு. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரச் செம்மண். நான் தீட்டிய வரிசைகூட மாறவில்லை. சீட்டில் உன் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே புடவையின் பெயர்: 'திராட்சை மாலை'.

கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கண்ணில் பட்ட நிறங்களை அட்டையில் தீட்டி ஒருவருக்கொருவர் அனுப்பி வருகிறோம். போன் திரையில் நிறம் மாறிவிடும் என்று தபாலில். கம்பத்திலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பின் தார்ப்பாய், அதன் மேல் ஏலக்காய் மூட்டை, பின்னால் தொற்றி நிற்கும் அக்காளின் ஸ்வெட்டர் என்று நான் மூன்று பட்டை அனுப்பினால், நீ மழையில் மெட்ரோ வாசலில் சுருங்கி நிற்கும் குடைகளை அனுப்புவாய். புடவைக்கு நிறம் அமைக்கும் உன் வேலைக்கு உதவட்டும் என்று நானே எத்தனையோ அட்டைகளைக் கொடுத்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

ஆனால் இது அம்மாவின் அட்டை. அப்பாவுக்கு இழுப்பு என்பதால் எங்கள் தோட்டத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி மருந்து அடித்தது அம்மாதான். அந்த நீலம் அவள் நகக்கண்ணில் ஏறியிருந்தது. கடைசியாகக் குளிப்பாட்டியபோதும் போகவில்லை. ரோஸ், சவப்பெட்டிக்குள் சுருக்கு வைத்துத் தைத்திருந்த மலிவான சாட்டின். திராட்சை, அன்று காலை பறித்து வாசலில் அப்படியே கிடந்த பெட்டிகள். மெழுகு எது, மண் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் அம்மாவின் சாவை என் தம்பி பெண்டாட்டி பீடத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த நிறங்களில் இனி ஒரு புடவைகூடத் தறி ஏறக் கூடாது. நிறுத்து.

பெனிட்டா


பெங்களூரு
12 ஆகஸ்ட் 2024

பெனிட்டா மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்ததால் அதற்குரிய மரியாதையோடு தொடங்குகிறேன்.

நம் அட்டை விதியை உண்டாக்கியதே நீ. அட்டையின் பின்னால் எங்கே பார்த்த நிறம் என்று எழுதியிருந்தால் அது எழுதியவளுக்குச் சொந்தம், அடுத்தவள் தொடக் கூடாது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மறந்துபோய் எழுதாமல் விட்டேன் என்று யாரும் பின்னால் வந்து நிற்கக் கூடாது என்பதையும் நீதான் சேர்த்தாய். நீ சொல்லும் அட்டையின் பின்னால் ஒரு எழுத்து இல்லை. உன் பெயர்கூட இல்லை.

அப்புறம், நிறத்தை யாரும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை பந்தல் போட்ட தோட்டத்துக் கல்தூண் எல்லாம் மயில்துத்த நீலம்தான். அத்தனை தோட்டக்காரருக்கும் நோட்டீஸ் அனுப்புவாயா?

எடுப்பது பற்றிப் பேசுகிறாய். போன வருடம் உங்கள் ஊர்ச் சப்பரத்தில் மாதாவுக்கு நீ ஜோடித்த பச்சையும் மங்கிய தங்கமும் எங்கிருந்து வந்தது? கம்பத்தில் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த சேலையிலிருந்து. என் அம்மா அம்சத் பீவியிடம் அனுமதி கேட்டாயா? போட்டோவைக் காட்டினேன். "அடி ஆத்தா, நம்ம பெருநாச் சேலையவா மாதாவுக்குக் கட்டி விட்டுருக்காக?" என்று கேட்டுவிட்டு அம்மா வயிறு வலிக்கச் சிரித்தார். எங்கள் வீட்டில் யாரும் வாந்தி எடுக்கவில்லை.

தறியை நிறுத்த முடியாது. தீபாவளிக்கு நெய்து கொண்டிருக்கிறார்கள். அனிதாவுக்கு வேறு புடவை வேண்டுமென்றால் சொல், இங்கிருந்து நல்லதாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நிறத் திருடி சமீனா


ராயப்பன்பட்டி
17 ஆகஸ்ட் 2024

சமீனா,

வேறு புடவை அனுப்புகிறாயா? அனுப்பிப் பார். பிரிக்காமல் திருப்பி விடுவேன். உன்னிடம் புடவை கேட்டு யாரும் இங்கே நிற்கவில்லை.

உன் அம்மா உயிரோடு இருக்கிறார், சிரித்தார். என் அம்மாவிடம் போட்டோவைக் காட்டிக் கேட்க முடியுமா? இரண்டையும் ஒரே தராசில் வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

அட்டையின் பின்னால் எழுத உட்கார்ந்தேன். 'அம்மா' என்று எழுதினால் போதும். கை ஓடவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்த உனக்கு முத்திரையில் இருந்த தேதி கண்ணில் படவில்லையா? அவளுடைய முப்பதாம் நாள் பூசை நடந்த வாரம் அது. அந்த வாரத்தில் நான் உனக்குப் புடவைக்கு நிறம் தேடிக் கொடுத்துக்கொண்டிருப்பேனா?

விதியை விடு. நீ வந்திருந்தால் அட்டையைத் திருப்பிப் பார்க்கும் தேவையே வந்திருக்காது. ஐந்தையும் கண்ணால் பார்த்திருப்பாய்.

அன்று நடந்ததை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள். கோயில் உபதேசியார் வந்து, "பெட்டிய மூடிரலாமா? சாமி கோயில்ல காத்துக்கிட்டு இருக்காக" என்றார். அப்பா விடவில்லை. "கம்பத்துப் புள்ள வந்துரும். மதலேனா கையால தின்ன புள்ள, வராம இருக்காது. செத்தப் பொறுங்க" என்றார். மறுபடியும் உபதேசியார் வந்தார். மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. சித்திகூட, "மச்சான், மழை எறங்குச்சுன்னா குழிக்குள்ள தண்ணி நின்னுரும்" என்று கெஞ்சிப் பார்த்தார். அப்பா பிலவேந்திரன் யார் சொல்லையும் கேட்கிற ஆளா? கடைசியில் அருண்தான் அவரைப் பிடித்து நகர்த்தினான். மூடியை வைத்து ஆணி அடிக்கும்போதும் அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'வேலையை விட்டு வர முடியவில்லை, மன்னிச்சுக்கோடி.' அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

ஒரு வருடமாக இதை விழுங்கிக்கொண்டு உனக்கு ஜீப், ஸ்வெட்டர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். போதும். ஏன் வரவில்லை? வேலை என்று எழுதாதே. எழுதினால் இதுதான் நம் கடைசிக் கடிதம்.

பெனிட்டா


பெங்களூரு
26 ஆகஸ்ட் 2024

பெனிட்டா,

கேட்டுவிட்டாய். கேட்காமலே இருந்திருக்கலாம்.

உன் அம்மா மேல் எனக்குக் கோபம். அதனால் வரவில்லை.

டிசைன் படிப்புக்கு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோமே, எங்கள் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தோமே. இடம் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். கிடைத்தது. நீ பரீட்சைக்கு மதுரை போயிருந்தபோது அந்தத் தபால் உங்கள் வீட்டுக்கு வந்தது. உன் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார். சந்தைக்குத் திராட்சை கொண்டு வந்த நாளில் கம்பத்தில் எங்கள் வீட்டுப் படியேறி அதை என் அம்மா கையில் கொடுத்தார்.

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அம்சத்து, ஒம் மக பெங்களூருக்குக் கெளம்புறா. பெத்தவளுக்குத் தெரியாம எங்க வீட்டுக்குக் கடுதாசி வருது. எனக்கு மனசு கேக்கல, கொண்டாந்துட்டேன்."

அன்று மாலைக்குள் அண்ணன் நவாஸ் என் சான்றிதழ்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அந்த இடம் போயிற்று. பெங்களூரு போக அடுத்த வருடம் நான் போட்ட சண்டை உனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருடம் நான் வீட்டுக்குள் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து உன்னைப் பார்க்க வந்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. குழம்பில் இருந்த மீனை எல்லாம் என் தட்டில் போட்டார். "நல்லாத் தின்னுடி, எளைச்சுப் போயிட்ட" என்றார். தின்றேன். அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனை முறை வந்தேன், எத்தனை முறை தின்றேன். ஒருமுறையாவது 'தப்புப் பண்ணிட்டேன்டி' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டார்.

அருண் போன் செய்ததும் பையைக் கட்டினேன். அந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்று நான் அழுதால் அது பொய். அழாமல் நின்றால் உன் சொந்தக்காரர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். பையைப் பிரித்துவிட்டேன். உன் அப்பா காத்திருந்தார் என்று நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக என் கோபம் பொய் ஆகிவிடாது.

விதி, பின்பக்கம் என்று போன கடிதத்தில் எழுதியது வக்கீல் பேச்சு. உறையைப் பிரித்ததுமே அந்த நீலம் யாருடைய நகம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் தறிக்குக் கொடுத்தேன். பழி வாங்க இல்லை. அவரை நினைத்தால் எனக்குக் கோபம் மட்டும்தான் வரும். உன் அட்டையைப் பார்த்தபோது வரவில்லை. அந்த நிறங்களை யாராவது ஒருத்தி சிரித்துக்கொண்டு கட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ.

தறியை நிறுத்த மாட்டேன்.

சமீனா


ராயப்பன்பட்டி
2 செப்டம்பர் 2024

சமீனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நீ பொய் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அப்பா தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். தெரியும் என்றார். அவ்வளவு சாதாரணமாக.

"அவ பயந்துட்டாத்தா. அந்தப் புள்ள போன எடத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, கிறிஸ்தவ வீட்ல ஒளிச்சு வச்சு அனுப்பிட்டாகன்னு கம்பத்துல பேச்சு வராதா? நம்ம பழத்த எவன் வாங்குவான்?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவகூடப் பேசுவியா? அதான் வேணாம்னா."

ஆக, தோட்டத்துப் பழம் விற்க வேண்டும் என்று உன்னுடைய ஒரு வருடத்தைக் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு மீனைத் தட்டில் போட்டிருக்கிறாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் ஒருத்திதான் ஒன்றும் தெரியாமல், நீயும் அம்மாவும் எவ்வளவு பிரியமாக இருக்கிறீர்கள் என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடமாக அம்மாவை ஐந்து நிறமாக்கி வைத்திருந்தேன். நீ கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அந்த ஐந்தில் அவளுடைய பயம் இல்லை. படியேறிப் போய்த் தபாலைக் கொடுத்த கை இல்லை. நகத்தில் இருந்த நீலம் மட்டும் இருக்கிறது. ஒரு ஆள் செத்தால் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்கிறோம். நான் பொறுக்கியதைத்தான் நீ நெய்தாய்.

ஆனால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஏழு வருடம் இதை உனக்குள் வைத்திருந்தாய். எனக்கு வலிக்கும் என்று பார்த்தாயாக்கும். நீ சொல்லியிருந்தால் அவள் உயிரோடு இருக்கும்போதே அவளோடு சண்டை போட்டிருப்பேன். "பெரிய ஞாயக்காரி வந்துட்டா" என்று அவளும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம். உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வைத்திருப்பேன், நிச்சயமாகக் கேட்க வைத்திருப்பேன். அந்தச் சண்டையை நீ எனக்குக் கொடுக்கவில்லை. புடவையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நேற்று அனிதா ரவிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்து, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். "என்ன மதினி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீக? நல்லா இல்லையா?" நல்லாயிருக்கு என்றேன். நல்லாத்தான் இருந்தது. அவள் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தறியை நிறுத்தச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நெய்துகொண்டே போ.

பத்திரிகை வைக்கவில்லை. வா என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பூசை பத்து மணிக்கு. வந்தால் நான் ஓடி வந்து கட்டிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. அன்று எனக்குப் பந்தி பார்க்கும் வேலை இருக்கிறது. அதெல்லாம் முடிந்து, ஆட்கள் கிளம்பிய பிறகு இரு. இந்த வீட்டில் அம்மாவைப் பற்றி ஒரு குறை சொன்னால் எல்லாரும் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அவளை வாயாரத் திட்ட வேண்டும். அதற்கு உன்னைவிட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

கறி நத்தர்ஷா அண்ணன் கடையில்தான் சொல்லியிருக்கிறது, நீ தாராளமாகச் சாப்பிடலாம். உனக்காக இல்லை. அப்பா எப்போதும் அங்கேதான் வாங்குவார்.

பெனிட்டா