இருட்டில் ஒளிர வேண்டிய ஜிமிக்கி

ஆவணி 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. ரத வீதிப் புழுதி முழுவதும் மாடிக்கு வந்துவிட்டது. ஜன்னல்கள் அடைப்பு. மின்விசிறி நிறுத்தம். வியர்வை. இன்று களிமண்ணைத் தொடவில்லை. மனம் முழுக்கக் கோபம். கோபக் கைக்கு ஜிமிக்கிக் குடை நிற்காது.

ஞாயிறு தங்கை மகள் சுபாவுக்குக் கல்யாணம். அதற்குள் அவள் அப்பா, தங்கை மாப்பிள்ளை வேலுச்சாமியிடம் சொல்ல வேண்டியவை. வரிசை மாறக் கூடாது.

1. இது மண் அல்ல. பாலிமர் களிமண் என்பது பெயர்தான். உண்மையில் பிளாஸ்டிக் வகை.
2. தாய்மாமன் சீர் தங்கமாகவே கொடுத்தாயிற்று. ஜிமிக்கி அதற்குப் பதில் அல்ல.
3. சொந்தக்காரர்கள் முன்னால் என்னைக் கேலி செய்தது தவறு.
4. நானாகத் திணிக்கவில்லை. சுபாதான் கேட்டாள்.
5. அவள் போட ஆசைப்படுகிறாள். தடுப்பது அவர் ஒருவரே.

ஐந்தாவதை முதலில் வைக்கலாமோ? தெரியவில்லை.

நடந்தது: நேற்று புளியங்குடியில் தங்கை பார்வதி வீட்டில் கல்யாணப் புடவை, நகை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். நான் மாதிரிக்குச் செய்திருந்த ஜிமிக்கியைச் சுபா எடுத்துக் காட்டினாள். வரவேற்பில் மணமக்கள் நுழையும்போது மண்டப விளக்கை எல்லாம் அணைப்பார்களாம். அந்த இருட்டில் இது பச்சையாக ஒளிரும் என்று அவளே விளக்கினாள். சரியாகச் சொன்னாள்.

வே.சா. தாம்பூலத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னது: "மச்சான் வேலைக்குப் போன காலமெல்லாம் மண்ணைப் பரிசோதிச்சாக. இப்ப மண்ணைச் சுடுதாக. பொங்கப் பானைக்கும் சேத்துச் சொல்லி வச்சிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எரிகிறது.

பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி: "திருவேங்கடத்து மாப்ள வீட்டுக்காரங்க மேடையில வந்து காதைத் தொட்டுப் பாத்தா, பொண்ணுக்கு மண்ணையா மாட்டிவிட்டிருக்கான்னு கேக்க மாட்டாங்களா?"

சுபா தரையைப் பார்த்தாள். பாவம், அப்பாவிடம் அவளுக்குப் பயம்.

மண் பரிசோதனை நிலையத்தில் என் மேஜைக்கு வந்த எந்த மண்ணையும் நான் கேலி செய்ததில்லை.

ஆவணி 4, புதன்

காற்று சற்றுக் குறைவு. விடியலில் வேலை ஆரம்பம்.

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். துண்டில் துடைக்கவில்லை, நூல் ஒட்டும். உள் அடுக்கு, ஒளிரும் களிமண். அதன் மேல் ஊடு தெரியும் களிமண், மெல்லியதாக. தடித்தால் பால் போல மங்கிவிடும். சுடுவதற்கு முன் பார்க்க மெழுகு போல. சுட்டு ஐஸ் தண்ணீரில் போட்டதும் இளநுங்கு. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனையும்.

முதல் ஜோடி வீண். அடுப்புச் சூடு ஏறிவிட்டது. நுங்கு, டீ நிறமாகிவிட்டது. கீழே மனைவி சரசு மோட்டார் போட்டதால் மின்சாரம் ஏறி இறங்கியதோ என்று கத்தப் போனேன். படியிலேயே திரும்பிவிட்டேன். வெப்பமானியை நான்தான் சரியாகச் சொருகவில்லை.

இரண்டாம் ஜோடி: உள்ளே பிறை பிறையாய் வெள்ளைக் கீற்று. ஈரம். என் வியர்வையாக இருக்கலாம்.

மூன்றாம் ஜோடி நன்று. வலது குடையில் கடுகளவு தூசி. ஊசியால் எடுத்தேன். போர்வைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு ஒளி.

சாப்பிடும்போது சரசுவிடம் ஐந்தையும் வாசித்துக் காட்டினேன். "நோட்டுல எழுதி என்ன செய்ய? வாயத் தொறந்து அவுககிட்ட சொல்லுங்க" என்றாள். ரசம் உப்பு. சொல்லவில்லை.

ஆவணி 6, வெள்ளி

பஸ்ஸில் புளியங்குடி. எலுமிச்சை மூட்டைக்கும் ஒரு கோழிக் கூடைக்கும் நடுவே. பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

வாசலில் வே.சா., பந்தல்காரரோடு. "வாங்க மச்சான். சூளை அணைஞ்சிட்டா?"

மனத்துக்குள் 1 தயார். வாய் சொன்னது: "ஆமா மாப்ள, முந்தாநாளே முடிஞ்சுது."

சுபா மாடியில் இருந்தாள். அழகு நிலையப் பெண் ஒருத்தி தலை அலங்காரம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கொடுத்து, நுழைவதற்கு முன் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் இருட்டில் ஒளிரும் என்றேன். அட்டையிலும் எழுதி வைத்திருந்தேன். "சூப்பரா இருக்கு மாமா" என்றாள். பெட்டியை ஜன்னலில் வைத்தாள்.

திரும்பும்போது வே.சா. பந்தியில் உட்காரச் சொன்னார். பசியில்லை என்று பொய். நல்ல பசி. பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடை.

வழி முழுக்க அவரோடு சண்டை. பஸ்ஸில் நான் நன்றாகப் பேசுகிறேன்.

ஆவணி 8, ஞாயிறு

காலையில் தாலி கட்டு. நல்லபடி. தாய்மாமன் மாலை போட்டேன்.

மாலை வரவேற்பு. மேடைக்கு நேரே, மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி. அறிவிப்பாளர் ஏதோ கத்தினார். விளக்கெல்லாம் அணைந்தது.

இருட்டு. கதவுப் பக்கம் பார்த்தேன். இரண்டு பச்சைப் பொட்டு தெரிய வேண்டும்.

ஒன்றுமில்லை.

என் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மேல் அடுக்கு தடித்துவிட்டதோ. வெளிச்சத்தில் வைக்கவில்லையோ. கை ஈரமோ. அதற்குள் விளக்கு வந்துவிட்டது. சுபா மேடை ஏறிக்கொண்டிருந்தாள். காதிலிருந்து தோள்வரை சிவப்புக் கல் தொங்கியது. நெற்றியிலும் அதே கல். கழுத்திலும். அழகு நிலையத்தின் வாடகை செட்டு.

வாடகைக் கண்ணாடியைப் போடலாம். அது மானக்கேடு இல்லை. மாமன் கையால் செய்தது மண்.

வே.சா. மேடை ஓரத்தில் பட்டு வேட்டியோடு எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயித்த ஆள் ஏன் திருப்ப வேண்டும்? எழுந்தேன். ஐந்தையும் அங்கேயே சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். நாதஸ்வரக்காரர்கள் வழியை அடைத்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடாமல் வீடு.

கையாலாகாத ஆள் நான்.

ஆவணி 9, திங்கள்

மறுபடி காற்று. துணி எல்லாம் செம்மண்.

பத்து மணிக்கு வே.சா. பைக்கில் வந்தார். பலகாரப் பை, கூடவே என் பெட்டி. மாடிக்கே வந்துவிட்டார். அடுப்பு, உருளை, அரைகுறைக் கம்மல் எல்லாவற்றையும் பார்த்தார். நான் நோட்டை எடுத்துவிட்டேன். உண்மையிலேயே எடுத்தேன். "மாப்ள, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

அவர் முந்திக்கொண்டார். மண்டபத்துக்குள் நுழையும் நேரத்துக்கு மட்டுமாவது ஜிமிக்கியைப் போடச் சொல்லிச் சுபாவிடம் மன்றாடினாராம். அலங்கார அறை வாசலிலேயே நின்றாராம்.

"கேலி பேசுனது நான்தான் மச்சான், இல்லங்கல. ஆனா மனுசன் இதுக்காக ராவும் பகலும் உக்காந்திருக்காரு, ஒரு நிமிசம் மாட்டிட்டுக் கழட்டுன்னு சொன்னேன். அவ செட்டுக்குச் சேரலங்கா. போட்டோவுல சகிக்காதுங்கா. மாமா மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான் செஞ்சு தரச் சொல்லி முதல்ல கேட்டேன், போடணும்னு நெனக்கவே இல்லங்கா. அடிக்கவா முடியும், கல்யாணப் பொண்ண?"

சரசு காபி கொண்டு வந்தாள். அவர் குடித்தார். பெட்டியைத் திறந்து, இரண்டு கையையும் குவித்து, அந்த இருட்டுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். "மின்னத்தான் செய்யுது" என்றார். போய்விட்டார்.

ஐந்து தவறு. கோடு போட்டு அடித்துவிட்டேன். தடுத்தவர் அவர் அல்ல. போடச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மூன்று சரிதான், கேலி தவறுதான். அதையும் சொல்லவில்லை.